வாசலில் ஓடும் ஆறும் மலையில் உறங்கும் ஊரும்



கடைசியாக நீங்கள் குடும்பத்தோடு சுற்றுலா போன நாளைச் சற்று நினைத்துப் பாருங்கள். அதிகாலை இரண்டரை மணிக்கு எழுந்தவர் யார்? முந்திய இரவே வெங்காயம் உரித்து, இறைச்சி கழுவி, அடுப்படியில் நின்றவர் யார்? வான் வந்து வாசலில் ஹோர்ன் அடிக்கிறது. எல்லோரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அடுப்பை அணைத்தோமா, பின்கதவைப் பூட்டினோமா என்று மறுபடியும் உள்ளே ஓடிப் பார்த்தவர் யார்? போன இடத்தில் பாய் விரித்து, சஹன் வைத்து, பிள்ளைகளுக்கு ஊட்டி, மிச்சம் மீதியைக் கட்டி, திரும்பி வந்து நள்ளிரவில் சட்டி பானை கழுவியவர் யார்?

பதில் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த நாள் காலையில் தலைவலிக்குத் தைலம் தேடியபோது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

ஒரே நாளில் நான்கு இடம், ஐந்து நீர்வீழ்ச்சி, இரண்டு பூங்கா என்று ஓடிவிட்டு அதற்கு ஓய்வு என்று பெயர் வைத்திருக்கிறோம். இந்த மாதம் நான் சொல்லப்போவது வேறு மாதிரியான ஒரு பயணத்தைப் பற்றி. ஒரே ஓர் இடம். ஒரு குளக்கரை. காலையில் போய், சும்மா இருந்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிய பயணம். ஆனால் என் வாழ்நாளில் நான் போன பயணங்களிலே என்னை அதிகம் யோசிக்கவைத்ததும் அதுதான்.

எங்கள் வீடு ருவான்வெல்லையில். கேகாலை மாவட்டத்து ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே உள்ள சிறிய ஊர். களனி கங்கை எங்களைத் தொட்டுக்கொண்டு போகிறது. குருகொட ஓயாவும் இங்கேதான் அதனோடு வந்து சேர்கிறது. மழைக்காலம் வந்தால் ஊரில் எல்லோருக்கும் ஒரு கண் வானத்தில், மறு கண் ஆற்றில். மற்ற நாட்களில் அந்த ஆற்றை நாங்கள் கவனிப்பதே இல்லை. வீட்டில் ஒருவரைத் தவிர!

அவர் என் மாமி. என் கணவரின் தாயார். அஸர் தொழுதுவிட்டு, தஸ்பீஹ் மணியோடு பின்வாசல் படிக்கட்டில் உட்கார்ந்து ஆற்றையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் மருமகளாய் வந்த நாள் முதல் பார்க்கிற காட்சி அது. வயதானவர்களின் பழக்கம் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் உடுப்புக் காயப்போட்டபடியே, "என்ன மாமி, தினமும் அந்தத் தண்ணியில என்னத்தப் பார்க்கிறீங்க?" என்று சும்மா கேட்டேன்.

"இது எங்கட ஊருத் தண்ணி மகள்" என்றார் மாமி. "எங்கட ஊட்டுக்கு மேலால வந்துதான் இங்க வருது."

எனக்கு விளங்கவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றுதான் முதன் முதலாக அந்தக் கதையைக் கேட்டேன்.

தண்ணீருக்குள் ஓர் ஊர்

மாமி பிறந்தது மஸ்கெலியாவில். இன்றைக்கு நாம் பஸ்ஸில் போய் இறங்கும் மஸ்கெலியா அல்ல, பழைய மஸ்கெலியா. மாமியின் வாப்பாவுக்கு அந்த நகரில் ஒரு சிறிய புடவைக் கடை இருந்ததாம். தோட்டங்களில் சம்பளம் போடும் நாட்களில் கடையில் நிற்க இடமிருக்காதாம். கடைத்தெரு, பள்ளிவாசல், கோயில், விகாரை என்று எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருந்த ஊர்.

பிறகு அணைக்கட்டு வந்தது. மஸ்கெலி ஓயாவை மறித்து மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தைக் கட்டினார்கள். 1969-இல் அந்த வேலை முடிந்தது. ஊரை மேட்டுக்கு மாற்றினார்கள். பழைய ஊர் தண்ணீருக்குள் போனது. மாமிக்கு அப்போது பத்து வயது இருக்கும். வாப்பா மேட்டு நகரில் புதிதாகக் கடை போடவில்லை. சொந்தக்காரர்கள் இருந்த ருவான்வெல்லைக்குக் குடும்பத்தோடு இறங்கிவிட்டார். அவர் இறங்கிய அதே வழியாகத்தான் ஆறும் இறங்கி வருகிறது.

"அதுக்குப் பிறகு அங்க போய்ப் பார்க்க இல்லையா மாமி?"

"இல்ல."

"ஐம்பது வருசத்துக்கு மேலாச்சே! போகணும் என்று ஒரு நாளாவது செல்லி இருக்கலாமே?"

மாமி சிரித்தார். "ஆரும் கேக்க இல்லையே மகள்."

சகோதரிகளே, அந்த ஒரு வார்த்தை என்னைச் சுட்டுவிட்டது. எத்தனை முறை நாங்கள் குடும்பமாக நுவரெலியாவுக்குப் போயிருக்கிறோம்! கண்டிக்குப் போயிருக்கிறோம், காலிக்குப் போயிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் பிள்ளைகளிடம் கேட்டோம், அவர்களுடைய சாச்சாமாரிடம் கேட்டோம். வீட்டில் மூத்தவரிடம் மட்டும், "உங்களுக்கு எங்கே போக ஆசை?" என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

ஒரே இடம், ஒரே நாள்

சித்திரை விடுமுறை வந்தது. என் கணவர் வழக்கம்போல ஒரு நீண்ட பட்டியல் போட்டார். ஹட்டன் போனால் அப்படியே நுவரெலியா, நுவரெலியா போனால் அப்படியே ஹக்கல பூங்கா... நான் அந்தக் காகிதத்தை வாங்கி மடித்து வைத்துவிட்டுச் சொன்னேன்: "மஸ்கெலியா மட்டும். மாமியுடைய ஊருக்கு."

பிள்ளைகள் முகத்தைச் சுளித்தார்கள். "அங்க என்ன ஈக்கிது?" என்றான் சின்னவன். "வாப்பும்மாட ஊடு ஈக்கிது" என்றேன். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

மூன்று விஷயங்களை முன்கூட்டியே பேசி முடிவு செய்தோம். ஒன்று, வார இறுதியில் போவதில்லை. டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாத மலைக்குப் போகிறவர்கள் மஸ்கெலியா வழியாகவும் போவார்கள். விடுமுறை நாட்களில் அந்தப் பாதையில் வான்களும் பஸ்களும் நெரியும். ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை கடையைப் பூட்டுவதென்று என் கணவர் ஒத்துக்கொண்டார். இரண்டு, வீட்டில் விடிய விடியச் சமையல் இல்லை. காலைக்கு இடியப்பமும் சம்பலும், பகலுக்கு வாழையிலையில் கட்டிய சோற்றுப் பொதியும் ஊரிலேயே ஒரு வீட்டில் சொல்லி வாங்கிக்கொள்வது. அந்தச் சகோதரிக்கும் அது ஒரு வருமானம். மூன்று, போன இடத்தில் பாய் விரிப்பது, பரிமாறுவது, குப்பை கட்டுவது எல்லாம் ஆண் பிள்ளைகளின் பொறுப்பு.

மூன்றாவது நிபந்தனைக்குத்தான் எதிர்ப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை! கேட்டால் கொடுக்கிறார்கள், சகோதரிகளே. நாம்தான் கேட்பதில்லை.

ஆற்றோடு மேலே

சுபஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். கரவனெல்லையில் ஹட்டன் வீதியில் ஏறினால் எட்டியாந்தோட்டை, கித்துல்கலை, கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன். எங்கள் ஊரிலிருந்து ஹட்டனுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அங்கிருந்து டிக்கோயா, நோர்வூட் தாண்டினால் மஸ்கெலியா. மலைப்பாதை என்பதால் அவசரப்படாமல் போனால் மூன்று மணி நேரம் பிடிக்கும்.

எட்டியாந்தோட்டை வரை இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள். பால் வெட்டும் பெண்கள் அந்த விடியற்காலையிலேயே வாளியோடு மரம் மரமாக நடந்துகொண்டிருந்தார்கள். கித்துல்கலையில் சிறிது நேரம் நிறுத்தினோம். 'குவாய் நதிப் பாலம்' என்ற புகழ்பெற்ற ஆங்கிலப் படத்தை அங்கேதான் எடுத்தார்கள். 1957-இல் வெளிவந்த படம். தாய்லாந்தில் ஓடும் நதி என்று உலகம் முழுதும் பார்த்து ரசித்தது நம் களனி கங்கையைத்தான்! பிள்ளைகளுக்கு அது பெரிய புதினமாக இருந்தது.

கினிகத்தேனையை நெருங்கும்போது காற்றின் குணம் மாறுகிறது. ரப்பர் குறைந்து தேயிலை வருகிறது. ஜன்னலைத் திறந்தால் குளிர். மாமி முக்காட்டை இறுக்கிக்கொண்டு, "வந்துட்டோம்" என்றார். இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. ஆனால் அவருக்கு அந்தக் குளிரே ஊர்தான்.

ஹட்டனைத் தாண்டினால் முதலில் கண்ணில் படுவது காசல்ரீ நீர்த்தேக்கம். இது கெஹெல்கமு ஓயாவை மறித்து 1965-இல் கட்டி முடித்தது. மலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து கிடக்கும் நீர். ஒரு மேட்டில் 1878-இல் கட்டிய வார்லி தேவாலயம், கருங்கல் சுவரோடு இன்னும் அப்படியே நிற்கிறது. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கித்துல்கலைக்கு மேலே ஒன்றாகக் கலந்துதான் களனி கங்கை ஆகிறது. அங்கிருந்து எங்கள் ஊர் வழியாக இறங்கி, அம்பத்தளையில் கொழும்பு மக்களுக்குக் குடிநீரும் கொடுத்துவிட்டுக் கடலுக்குப் போகிறது. இரண்டு ஓயாக்களிலும் இரண்டு பெரிய தேக்கங்கள். ஏன்?

வானிலேயே என் கணவர் பிள்ளைகளுக்கு விளக்கினார். நம் நாட்டில் மலைநாட்டு நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918-இலேயே ஆதாரங்களோடு எழுதிக் காட்டியவர் டி. ஜே. விமலசுரேந்திர என்ற இலங்கைப் பொறியியலாளர். லக்ஷபான மின்நிலையம் வேலை செய்யத் தொடங்கியதோ 1950-இல். அவர் 1953-இல் காலமானார். 1965-இல் காசல்ரீ நீரைக் கொண்டு இயங்கத் தொடங்கிய மின்நிலையத்துக்கு அவருடைய பெயரையே வைத்தார்கள். இதில் ஒரு அழகு என்னவென்றால், ஒரே தண்ணீர் பல தடவை வேலை செய்கிறது. மவுஸ்ஸாக்கலையில் தேங்கும் நீர் கெனியன், புதிய லக்ஷபான, பொல்பிட்டிய என்று மின்நிலையம் மின்நிலையமாக இறங்கி, ஒவ்வொன்றிலும் சுழலியைச் சுற்றிவிட்டுத்தான் நம் ஆற்றுக்கு வருகிறது.

"அப்ப எங்கட ஊட்டு லைட் வாப்பும்மாட ஊருக்கு மேலால வருதா?" என்று கேட்டான் சின்னவன்.

வானுக்குள் ஒரு நிமிடம் அமைதி. பெரியவர்கள் நாங்கள் அதை அப்படி யோசித்ததே இல்லை.

குளக்கரையில்

மஸ்கெலியா நகரைத் தாண்டி, ஒரு சிறிய கிராமத்தின் பக்கமாகக் கரையோரத்தில் இறங்கினோம். அங்கே கடைகளோ கூட்டமோ கிடையாது. ஒரு லயம், நான்கைந்து தனி வீடுகள், மரக்கறிப் பாத்தி, கட்டிப்போட்ட ஒரு பசு. எதிரே ஏறத்தாழ 1,170 மீற்றர் உயரத்தில், கண்ணுக்கு எட்டிய தூரம் நீர். தூரத்தில் சிவனொளிபாத மலை. நம்மவர்கள் பாவா ஆதம் மலை என்று சொல்வதும், 1344-இல் இப்னு பதூதா ஏறிப் பார்த்து எழுதி வைத்ததும் அந்த மலையைத்தான். வேலியோரம் நின்ற ஒரு பெரியவரிடம் அனுமதி கேட்டோம். "இருங்க, தாராளமா இருங்க" என்றார்.

பெருமழை தொடங்கியிருக்கவில்லை. நீர்மட்டம் நன்றாக இறங்கியிருந்தது. அப்படி இறங்கும் காலங்களில்தான் பழைய ஊரின் மிச்சங்கள் வெளியே தெரியும். கோயில், விகாரை, பள்ளிவாசல் இருந்த இடங்களின் இடிந்த சுவர்களும் அத்திவாரங்களும் சேற்று நிலத்தின் நடுவே எழுந்து நிற்கும். நாங்கள் இருந்த கரையிலிருந்து தூரத்தில் ஒரு சுவரும், படிகள் மாதிரியான கற்களும் தெரிந்தன.

மாமி மேட்டில் நின்றபடி வெகு நேரம் பார்த்தார். எது எது என்று அவருக்குப் பிடிபடவில்லை. பத்து வயதுப் பிள்ளையின் கண்ணுக்குப் பெரிய ஊராகத் தெரிந்தது, இப்போது சேறும் கல்லுமாகக் கிடக்கிறது. அப்போது அந்த வழியாகக் கொழுந்து நிறுத்துவிட்டுப் பகல் சாப்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மா எங்களைப் பார்த்து நின்றார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். இடுப்பில் படங்கு, தலையில் கூடைக் கயிற்றுத் தழும்பு.

"பழைய டவுனைப் பார்க்க வந்தீங்களா?"

"நான் அங்கதான் பொறந்தது" என்றார் மாமி.

அந்த அம்மாவின் முகமே மாறிவிட்டது. கிட்ட வந்து கையை நீட்டிக் காட்டினார். "அந்தா தெரியுதே, அது கோயிலுங்க. எங்க அம்மா அங்கதான் தாலி கட்டினாங்களாம். வருசா வருசம் தண்ணி எறங்குறப்ப எங்களைக் கூட்டிட்டு வந்து காட்டுவாங்க. அதுக்கு அந்தாண்ட உங்க பள்ளி இருந்துச்சுன்னு சொல்லுவாங்க. கடைத்தெரு இந்தப் பக்கமா வந்திச்சாம்."

அவர் காட்டிய திசையை வைத்து மாமி மனதுக்குள் தெருவைக் கட்டத் தொடங்கினார். "அப்ப... பள்ளிக்கு இந்தப் பக்கம் எங்கட கட. வாப்பா கடய மூடாம, படங்குத் துணியால மறச்சிட்டுத்தான் ஜும்மாவுக்குப் போவார். ஒண்டும் களவு போனதில்ல." இரண்டு பேரும் அந்த வெறும் சேற்றைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் நேரில் பார்த்தவர், மற்றவர் தாய் சொல்லக் கேட்டவர். அவர்கள் இருவருக்கும் மட்டும் அங்கே ஓர் ஊர் தெரிந்தது.

எங்கள் சோற்றுப் பொதியில் ஒன்றை அந்த அம்மாவிடம் நீட்டினேன். மறுத்தார். மாமி சொன்னதும் வாங்கிக்கொண்டார். "ஒரு மணிக்கு மலைக்குத் திரும்பணும். இல்லாட்டி அரை நாள் பேர்தான் விழும்" என்று சொல்லிவிட்டு நடந்தார். நாங்கள் ஓய்வெடுக்கப் போன அந்தப் பச்சை மலை, அவருக்கு வேலைத்தளம். தேயிலைச் செடிக்குள் நின்று படம் எடுக்கும் நம் சகோதரிகள் அதைச் சிறிது நினைத்துக்கொள்ள வேண்டும். கொழுந்து பறிக்கிறவர்களை, அவர்கள் அனுமதி இல்லாமல், காட்சிப் பொருளைப் போலப் படம் பிடிப்பதையும் தவிர்க்க வேண்டும். நம் வாசலில் ஒருவர் வந்து நாம் மீன் வெட்டுவதைப் படம் பிடித்தால் பொறுத்துக்கொள்வோமா?

ஏழு கன்னியர் மலை

சாப்பிட்டு முடித்த பிறகு, நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கமாகத் தெரியும் ஒரு மலைத்தொடரை என் கணவர் காட்டினார். வரிசையாகச் சிகரங்கள். ஏழு கன்னியர் மலை என்று பெயர். 1974 டிசம்பர் 4-ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் போகிறவர்களை ஏற்றிவந்த விமானம் அந்த மலையில்தான் மோதியது. கொழும்பில் இறங்கி ஜித்தாவுக்குப் போக வேண்டிய விமானம். யாத்திரிகர்கள் 182 பேர், விமான ஊழியர்கள் 9 பேர். மொத்தம் 191 உயிர்கள். ஒருவரும் தப்பவில்லை.

அந்த நாளில் ருவான்வெல்லையில் வீட்டுக்கு வீடு அதைப் பற்றியே பேச்சாக இருந்ததாம். "எங்கட ஊரு மலையில விழுந்தீக்கி என்று வாப்பா அழுதார்" என்றார் மாமி. இஹ்ராம் உடுப்பைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்டு விடைபெற்றுப் புறப்பட்ட மக்கள். மொழி தெரியாத நாட்டில், பெயர் தெரியாத மலையில் அவர்கள் பயணம் முடிந்தது. எல்லோரும் கையேந்தி துஆ கேட்டோம். பிள்ளைகள் அதன் பிறகு அந்த மலையை வெறும் மலையாகப் பார்க்கவில்லை.

சும்மா இருந்த இரண்டு மணி நேரம்

பிறகு என்ன செய்தோம்? ஒன்றும் செய்யவில்லை!

ஆண் பிள்ளைகள் வாழையிலைகளையும் பொலித்தீனையும் வெவ்வேறாகக் கட்டினார்கள். மாமி பாயில் சாய்ந்து கண் அயர்ந்தார். என் மகள் ஒரு கல்லில் உட்கார்ந்து படம் வரைந்தாள். நான் கையில் ஒரு வேலையும் இல்லாமல், சுடுதண்ணீர்ப் போத்தலில் இருந்த இஞ்சித் தேநீரைக் குடித்தபடி நீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பத்து நிமிடம் எதையோ மறந்துவிட்டது போல மனம் அடித்துக்கொண்டது. எழுந்து எதையாவது கழுவ வேண்டும் போலிருந்தது. பிறகு அது அடங்கியது. எப்போது நான் இப்படிச் சும்மா இருந்தேன்? நினைவுக்கு எட்டவில்லை.

பிள்ளைகள் தண்ணீரில் இறங்கக் கேட்டார்கள். வேலியோரத்துப் பெரியவர் ஓடிவந்து தடுத்தார். சகோதரிகளே, இதை நன்றாக மனதில் வையுங்கள். நீர்த்தேக்கம் என்பது குளிக்கும் குளம் அல்ல. நீர் இறங்கிய கரையில் மேலே காய்ந்திருக்கும் மண்ணுக்குக் கீழே கால் புதையும் சேறு இருக்கும். நாலு அடி வைத்ததும் திடீரென ஆழம் விழும். அடியில் பழைய சுவர், கல், மரக்கட்டை எது இருக்கும் என்று தெரியாது. அணைக்கட்டுகளுக்குக் கீழே உள்ள ஆறுகளிலும் அப்படித்தான். மேலே மழை பெய்து வான்கதவு திறந்தால், கீழே வெயிலடிக்கும்போதே நீர் சட்டென்று உயரும். சந்தோஷமாகப் புறப்பட்ட எத்தனை வான்கள் ஒரு பிள்ளை குறைவாகத் திரும்பியிருக்கின்றன! கரையில் கால் நனைப்பது போதும்.

போக நினைக்கும் சகோதரிகளுக்கு

இந்தப் பக்கம் போக விரும்பினால் சில விஷயங்கள். மழை குறைந்த மாதங்களில், ஏறத்தாழ மாசி தொடக்கம் சித்திரை வரை, போவது நல்லது. வைகாசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் இந்தப் பாதையில் மண்சரிவுப் பயம் உண்டு. 2016 மே மாதம் நம் மாவட்டத்து அரநாயக்கவில் மலை சரிந்து வீடுகள் புதையுண்டதையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைச் சிதைத்ததையும் நாம் மறக்கவில்லை. மழை எச்சரிக்கை இருந்தால் வான் பேசி முற்பணம் கொடுத்திருந்தாலும் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

பெண்களுக்கு மிகவும் கஷ்டம் மலசலகூடம்தான். அதற்காகவே நம்மில் பலர் பயணத்தில் தண்ணீர் குடிக்காமல் இருந்து நோயைத் தேடிக்கொள்கிறோம். வழியில் எந்தப் பள்ளிவாசலில் பெண்களுக்குத் தொழவும் ஒளு எடுக்கவும் தனியிடம் உண்டு என்று ஹட்டன் பக்கத்தில் தெரிந்தவர்களிடம் முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். ஆண்கள் தாங்களாக விசாரிப்பார்கள் என்று காத்திராதீர்கள். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் கம்பளிச் சட்டை, வளைவுப் பாதையில் வாந்தி வருகிறவர்களுக்கு ஒரு தேசிக்காயும் கடதாசிப் பையும், அட்டைக்கடிக்குக் கொஞ்சம் உப்பும் இருக்கட்டும். தோட்டத்துப் பாதைக்குள் வாகனத்தை விடுவதற்கு முன் கேளுங்கள். வானில் ஒலிபெருக்கியை அலறவிடாதீர்கள். அமைதிக்காகத்தான் அங்கே போகிறோம், அதை நாமே கொன்றுவிடக்கூடாது.

ஒரு சோற்றுப் பொதியின் பொலித்தீனை அங்கே விட்டுவிட்டு வந்தால் அது எங்கே போகும்? மற்றவர்களுக்கு எப்படியோ, எங்களுக்குத் தெரியும். அது மஸ்கெலி ஓயாவில் விழுந்து, களனி கங்கையில் கலந்து, எங்கள் பின்வாசலுக்கே வந்து சேரும்!

திரும்பும்போது

நான்கு மணிக்குப் புறப்பட்டோம். புறப்படும் முன் மாமி கரையில் குனிந்து ஒரு சிறு கல்லை எடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அதைத் திரும்ப வைத்துவிட்டார். "இது இங்கயே கிடக்கட்டும்" என்றார். வழி முழுக்கத் தூங்காமல் பேசிக்கொண்டே வந்தார். அந்தப் புடவைக் கடையின் அளவுகோல், ஜும்மா நாளில் வாப்பா உடுத்திய சாரம், குளிர்காலத்தில் அடுப்படியில் எல்லோரும் நெருக்கிப் படுத்தது... இத்தனை கதைகளும் எங்கள் வீட்டுக்குள்ளேயே இத்தனை வருடம் இருந்திருக்கின்றன. நாங்கள்தான் கதவைத் தட்டவில்லை.

வீட்டுக்கு வந்து மின்விளக்கைப் போட்டபோது சின்னவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சுவிட்சைத் தட்டினால் வெளிச்சம் வருகிறது. அதற்குப் பின்னால் ஓர் ஊர் தன் இடத்தைக் கொடுத்திருக்கிறது. கோப்பையில் தேநீர் வருகிறது. அதற்குப் பின்னால் ஒரு மணிக்குள் மலைக்குத் திரும்ப ஓடும் ஒரு தாய் இருக்கிறாள். குடும்பம் உல்லாசமாக ஊர் சுற்றி வருகிறது. அதற்குப் பின்னால் இரண்டரை மணிக்கு எழுந்த ஒரு பெண் இருக்கிறாள். ஒருவருடைய சுகத்துக்குப் பின்னால் இன்னொருவருடைய பாரம் இருக்கிறது. சுகத்தை வேண்டாம் என்று தள்ள நான் சொல்லவில்லை. யாருடைய பாரம் என்று தெரிந்துகொண்டு அனுபவிப்போம், முடிந்தால் அதில் ஒரு கை கொடுப்போம் என்றுதான் சொல்கிறேன்.

அடுத்த நாள் அஸருக்குப் பிறகு மாமி வழக்கம்போலப் படிக்கட்டில் உட்கார்ந்தார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். காயப்போட வேண்டிய உடுப்பு வாளியிலேயே கிடந்தது. பத்து நிமிடம் கிடந்தால் என்ன, ஆறா வற்றிவிடப் போகிறது?

உங்கள் வீட்டிலும் படிக்கட்டில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். தாயாக இருக்கலாம், மாமியாக இருக்கலாம், கல்யாணம் முடிக்காமல் வீட்டோடு இருக்கும் ஒரு ராத்தாவாக இருக்கலாம். அடுத்த விடுமுறைக்குப் பட்டியல் போடுவதற்கு முன் அவரிடம் போய்க் கேளுங்கள்: "உங்களுக்கு எங்கே போக ஆசை?"

பதில் வரச் சிறிது நேரம் எடுக்கும். காத்திருங்கள்.